இருபத்தெட்டுப் பவுன்: ஜான் வெஸ்லியின் பொருள்நெறி

1776ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெள்ளிப் பாத்திரங்களுக்கு வரி இருந்தது. வீட்டிலுள்ள வெள்ளியைக் கணக்கில் காட்டாதவர்கள் எனத் தாம் ஐயுற்றோர்க்குக் கலால் ஆணையர்கள் கடிதம் விடுத்தனர். அவற்றுள் ஒன்று மெதடிஸ்ட் இயக்கத்தின் தலைவராகிய ஜான் வெஸ்லிக்கும் வந்து சேர்ந்தது. நாடெங்கும் ஆயிரக்கணக்கானோர் பின்பற்றும் ஒரு சமயப் பெரியவரின் வீட்டில் வெள்ளித் தட்டும் கிண்ணமும் இல்லாமல் இரா என்பது ஆணையர்களின் கணிப்பு. அப்போது எழுபத்துமூன்று அகவை நிரம்பியிருந்த வெஸ்லி மிகச் சுருக்கமாக விடை எழுதினார். தம்மிடம் லண்டனில் இரண்டு வெள்ளிக் கரண்டிகளும் பிரிஸ்டலில் இரண்டு வெள்ளிக் கரண்டிகளும் உள்ளன என்றும், சுற்றிலும் இத்தனை பேர் உணவின்றி வாடும்போது மேலும் வாங்கும் எண்ணம் தமக்கு இல்லை என்றும் அவ்விடை தெரிவித்தது. அதில் பணிவைக் காட்டிலும் குறும்பு மிகுதி.

போதுமென்ற மனத்தைப் பொன்செய்யும் மருந்தாகப் போற்றுவது நம் பழமொழி. மருந்து நல்ல மருந்துதான். அதனை யார் யாருக்குக் கொடுப்பது என்பதே வினா. கையில் பொருள் உள்ளவன் தனக்குத்தானே 'போதும்' என்று சொல்லிக்கொள்வது ஒன்று. பசித்தவனைப் பார்த்து வயிறு நிறைந்தவன் 'போதும் என்று இரு' என அறிவுறுத்துவது முற்றிலும் வேறொன்று. உழைப்பு, செல்வம், மனநிறைவு ஆகிய மூன்றையும் பற்றிக் கிறித்தவ உலகம் நெடுங்காலம் சிந்தித்து வந்துள்ளது. அச்சிந்தனையில் இவ்விரண்டு 'போதும்'களும் கலந்து குழம்பிய இடங்கள் பல. பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த வெஸ்லி, தம் அளவிலேனும் அவற்றைப் பிரித்துக் காண முயன்றவர். அவருடைய கணக்கு ஏடுகளும் நாட்குறிப்பும் சொற்பொழிவுகளும் அம்முயற்சிக்குச் சான்றாக இன்றும் கிடைக்கின்றன.

வெஸ்லிக்கு முன்பே விழுந்துவிட்ட முடிச்சு ஒன்று உண்டு. இயேசு தச்சுத் தொழில் செய்த குடும்பத்தில் வளர்ந்தவர். பவுல் கூடாரம் செய்து பிழைத்தவர். உழைக்க மனமில்லாதவனுக்கு உணவும் உரியதன்று என்னும் கருத்துப்படப் பவுல் எழுதினார். செல்வன் விண்ணரசில் புகுவது எத்துணை அரிது என்பதை ஊசியின் காதையும் ஒட்டகத்தையும் காட்டி இயேசு உரைத்தார். ஆக, உழைப்பு கட்டளை. உழைப்பு கொண்டுவந்து சேர்க்கும் செல்வமோ ஆபத்து. ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் தம் துறவியர்க்கு வகுத்த ஒழுங்கு நாளினை வழிபாடு, வாசிப்பு, கைத்தொழில் எனப் பகுத்தது. ஆடம்பரமின்றி உண்டு ஓயாது உழைப்பவர்கள் ஒரே இடத்தில் கூடி வாழ்ந்தால் என்ன நேரும்? மடம் செழிக்கும். அச்செழிப்பை வெறுத்து 1098இல் பிரான்சு நாட்டின் சிட்டோ என்னுமிடத்தில் புதிய மடம் கண்டவர்கள் சிஸ்டர்சியத் துறவிகள். காட்டையும் தரிசையும் தேடிச் சென்று உழைத்த அவர்களும் வடஇங்கிலாந்தின் யார்க்‌ஷயர் மேய்ச்சல் நிலங்களில் ஆடு வளர்த்துக் கம்பளி வணிகத்தால் பெரும் செல்வம் எய்தினர். அசிசி நகரத்துத் துணி வணிகரின் மகனாகிய பிரான்சிஸ் இம்முடிச்சை அறுத்தெறிய முயன்று, தந்தை தந்த உடையையும் களைந்து கொடுத்துவிட்டு வெளியேறினார். அவர் மறைந்தது 1226இல். ஒரு நூற்றாண்டு முடிவதற்குள், 1323இல், கிறிஸ்துவும் அவருடைய அப்போஸ்தலரும் உடைமை எதுவும் இல்லாதிருந்தனர் என்று சாதிப்பது சமய மாறுபாடு எனப் போப்பரசர் இருபத்திரண்டாம் ஜான் அறிவித்தார். பிரான்சிசின் வழிவந்தோர் பலர்க்கு அது பேரிடி.

பதினாறாம் நூற்றாண்டில் மார்ட்டின் லூத்தர் உழைப்பின் மேன்மையை மடத்துக்கு வெளியே கொண்டுவந்தார். செருப்புத் தைப்பவன் வேலையும் இறைவனின் அழைப்பே என்றார்; அழைப்பைக் குறிக்கும் ஜெர்மானியச் சொல்லே தொழிலையும் குறிப்பதாயிற்று. இதன் விளைவைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. முன்பு உழைப்பின் பயன் மடத்தின் பொதுவுடைமையாகச் சேர்ந்தது. இனி அது தனித்தனி வீடுகளின் பெட்டிகளில் சேரும். முடிச்சு அவிழவில்லை, ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் வந்துவிட்டது.

கடன்பட்ட வீடு

வெஸ்லி 1703இல் லிங்கன்‌ஷயரின் எப்வொர்த் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை சாமுவேல் அவ்வூர்த் திருச்சபைக் குரு, கவிதை எழுதுபவர், வரவுக்கு மீறிய செலவாளி. தாய் சூசன்னா பத்தொன்பது பிள்ளைகளைப் பெற்றவர். 1705இல் கடனுக்காகச் சாமுவேல் லிங்கன் கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். அப்போது ஜானுக்கு இரண்டு வயது. யார்க் பேராயர் ஷார்ப், சூசன்னாவைக் கண்டு, உண்மையாகவே உணவுக்குக் குறைவு நேர்ந்ததுண்டா என வினவினார். உணவு இல்லாமற் போனதில்லை. ஆயினும் அதைப் பெறுவதற்கு முன்னும் அதற்குரிய விலையைக் கொடுப்பதற்குப் பின்னும் பட்ட பாடு உணவையே கசப்பாக்கிவிட்டது என்னும் பொருள்பட அவ்வம்மையார் மறுமொழி கூறினார். வறுமையைப் பற்றிய எத்தனையோ நூல்கள் சொல்லாத நுட்பம் அம்மறுமொழியில் உண்டு. வெஸ்லியின் பொருள்நெறியைப் பேசும் பலர் அவருடைய சொற்பொழிவுகளிலிருந்து தொடங்குகின்றனர். இந்த வீட்டிலிருந்து தொடங்குவதே பொருத்தம். வறுமை தன்னளவில் புனிதமானது என்று அவர் ஒருபோதும் பாடாமைக்குக் காரணம் இங்கே இருக்கிறது.

ஆக்ஸ்போர்டில் பயின்று 1726இல் லிங்கன் கல்லூரியின் ஆய்வுறுப்பினரான பின் அவருக்கு நிலையான வருவாய் கிடைத்தது. அக்காலத்து நிகழ்ச்சி ஒன்றைப் பிற்காலச் சொற்பொழிவில் அவரே கூறியுள்ளார். கடுங்குளிர் நாளொன்றில், அவரும் நண்பர்களும் நடத்திய பள்ளியில் படித்த சிறுபெண் ஒருத்தி மெல்லிய ஆடையுடன் வந்து நின்றாள். போர்த்திக்கொள்ள வேறு துணி இல்லையா என்று கேட்டார், இல்லை என்றாள். சட்டைப்பையில் கைவிட்டுப் பார்த்தார், ஏறத்தாழ ஒன்றுமில்லை. சற்று முன்னரே கையிலிருந்த பணத்தைச் செலவிட்டுவிட்டார். தம் அறைச் சுவரில் தொங்கிய படங்கள் அந்நேரத்தில் அவர் கண்ணில் பட்டன. அச்சுவரை அழகுசெய்த பணம் இச்சிறுமியின் குளிரைப் போக்கியிருக்குமே என்ற எண்ணம் அவரை விடாது பற்றிக்கொண்டது.

ஆக்ஸ்போர்டு இளைஞன் ஒருவனைப் பற்றி வெஸ்லி கூறும் கணக்கு ஒன்று புகழ்பெற்றது. முப்பது பவுன் ஆண்டு வருவாய் வந்தபோது அவ்விளைஞன் இருபத்தெட்டுப் பவுனில் வாழ்ந்து இரண்டு பவுனைக் கொடுத்தான். மறு ஆண்டு அறுபது வந்தது. அப்போதும் இருபத்தெட்டில் வாழ்ந்து முப்பத்திரண்டைக் கொடுத்தான். மூன்றாம் ஆண்டு தொண்ணூறு, கொடுத்தது அறுபத்திரண்டு. நான்காம் ஆண்டு நூற்றிருபது, கொடுத்தது தொண்ணூற்றிரண்டு. பெயர் சுட்டாமல் அவர் கூறிய அவ்விளைஞன் அவரே என்பது வெஸ்லியின் வாழ்க்கை வரலாற்றை எழுதியோர் பொதுவாக ஏற்ற கருத்து. (பவுன் என்றதும் எட்டுக் கிராம் தங்கத்தை நினைப்பது நம் வழக்கம். 1817 முதல் வெளிவந்த ஆங்கிலப் பொற்காசின் எடையே நம் நகைக்கடைகளில் பவுனாக நிலைத்தது. வெஸ்லியின் பவுன் அதற்கு முற்பட்டது. இருபது ஷில்லிங் கொண்ட கணக்கு அலகு.)

வருவாய் நான்கு மடங்கானபோதும் 'போதும்' என்னும் அளவு நகரவில்லை என்பதே இக்கணக்கின் உயிர். மனநிறைவு என்பதை ஓர் உள்ளுணர்ச்சியாகவே பேசி மகிழ்வது சமய இலக்கியங்களின் இயல்பு. வெஸ்லி அதற்கு ஒரு தொகை குறித்தார்.

உக்கிராணக்காரன்

1738இல் ஏற்பட்ட ஆன்மிகத் திருப்பத்திற்குப் பின், 1739 ஏப்ரலில் பிரிஸ்டலில் திறந்தவெளிப் பிரசங்கத்தைத் தொடங்கினார் வெஸ்லி. அருகிலிருந்த கிங்ஸ்வுட் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் திரளாக வந்து கேட்டனர். கோயில் இருக்கைகளில் இடமில்லாதவர்களே அவருடைய முதற் கூட்டத்தார். 1742இல் பிரிஸ்டல் வழிபாட்டுக் கூடத்தின் கடனை அடைக்க வழி தேடியபோது, உறுப்பினர் ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி தரலாம் என ஒருவர் மொழிந்தார். பலர்க்கு அதுவும் இயலாதே என்றார் மற்றொருவர். அப்படியானால் மிக ஏழைகளாகிய பதினொருவரைத் தம் பொறுப்பில் விடுமாறும், அவர்கள் தர இயலாததைத் தாமே தருவதாகவும் முதலாமவர் கூறினார். இவ்வாறு காசு திரட்ட வீடு வீடாகச் சென்றவர்கள் வீட்டு நிலைமைகளையும் கண்டுவந்தனர். மெதடிஸ்ட் இயக்கத்தின் முதுகெலும்பாகிய 'வகுப்பு' அமைப்பு இந்த ஒரு பென்னியிலிருந்து பிறந்தது.

1760இல் அச்சேறிய பணத்தின் பயன் பற்றிய சொற்பொழிவில் வெஸ்லியின் மூன்று விதிகள் இடம்பெறுகின்றன. இயன்றவரை ஈட்டுதல், இயன்றவரை சேமித்தல், இயன்றவரை கொடுத்தல் என்பன அவை. அச்சொற்பொழிவுக்கு அவர் எடுத்துக்கொண்ட மறைநூற் பகுதி லூக்கா நற்செய்தியின் பதினாறாம் அதிகாரத்திலுள்ள அநீதியுள்ள உக்கிராணக்காரன் கதையை ஒட்டியது. 'உக்கிராணக்காரன்' என்னும் சொல்லைத் தமிழ் விவிலியம் வழங்கியிருப்பது எண்ணி மகிழத்தக்கது. கோயிலிலும் அரண்மனையிலும் திருமணப் பந்தலிலும் உக்கிராணம் என்பது பண்டசாலை. அதன் பொறுப்பாளன் அள்ளி வழங்குவான். ஒரு படி அரிசியும் அவனுடையதன்று. வெஸ்லியின் பொருள்நெறி முழுவதும் இவ்வொரு சொல்லில் அடங்கும்.

முதல் விதியை மட்டும் பிரித்தெடுத்து அவரைப் பேராசையின் பிரசாரகராகக் காட்டுவோர் உண்டு. அவர்கள் அவ்விதியோடு அவர் இணைத்த தடைகளைப் படித்திருக்க மாட்டார்கள். உடலைக் கெடுக்கும் தொழிலால் ஈட்டலாகாது. ஈயமும் பாடாணமும் புழங்கும் வேலைகளை இதற்கு எடுத்துக்காட்டினார். உறக்கத்தையும் உணவையும் இழந்து நெடுநேரம் உழைத்து ஈட்டலாகாது. மனச்சான்றைக் கெடுக்கும் வகையில், வரி ஏய்த்தோ கள்ளக்கடத்தல் செய்தோ ஈட்டலாகாது. அயலானுக்குத் தீங்கு செய்து ஈட்டலாகாது: அவன் வணிகத்தைக் கெடுக்கும் நோக்கோடு சந்தை விலைக்குக் கீழே விற்பதும், அவனுக்குத் தேவையான பணியாளரைத் தன்பால் இழுத்துக்கொள்வதும் குற்றம். தன் வருவாய்க்காக நோயை நீட்டிக்கும் மருத்துவனையும் அவர் விடவில்லை. எரிசாராயம் விற்போர்மீது பாய்ந்த சினம் கடுமையானது. அவர்களுடைய மாளிகையிலும் தோட்டத்திலும் மரத்திலும் குருதிக் கறையைக் கண்டார். அடிமை வணிகத்தின்மீதும் இதே சினம் பாய்ந்தது. 1774இல் வெளியிட்ட சிறுநூலில், கொடுமையால் வரும் செல்வத்தைவிடச் செல்வமே இல்லாதிருத்தல் மேல் என்னும் நிலையை எடுத்தார்.

இரண்டாம் விதியில் நாவின் சுவைக்கும் கண்ணின் ஆசைக்கும் பிறர் மெச்சுவதற்கும் செலவிடுவதை விலக்கினார். இவ்விடத்தில் அவர் சற்று வறண்டுபோகிறார் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஓவியத்தையும் அரிய நூலையும் பட்டாடையையும் ஒரே தட்டில் வைத்து எடைபோடும் கண்டிப்பு, கலையை வாழ்வாகக் கொண்டோர்க்கு உவப்பானதன்று. அதே வீட்டில் அவருடைய தம்பி சார்ல்ஸ் ஆயிரக்கணக்கான பாடல்களை இயற்றிக்கொண்டிருந்தார் என்பதும், அப்பாடல்களின்றி இவ்வியக்கம் இத்துணை பரவியிராது என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கவை.

மூன்றாம் விதியே முதலிரண்டிற்கும் பொருள் தருவது. தனக்கும் தன் வீட்டார்க்கும் வேண்டிய உணவு, உடை, தொழிற்கருவி ஆகியவற்றுக்குப் போக எஞ்சியதெல்லாம் பிறர்க்குரியது. பத்தில் ஒரு பங்கு கொடுத்துவிட்டு நிம்மதியாக உறங்கும் வழக்கத்திற்கு இங்கே இடமில்லை.

இவ்விதிகளைப் பொருள் உள்ளோர்க்குச் சொன்ன அவர், பொருள் இல்லாதார்பால் வேறு மொழியில் பேசினார். 1753 பிப்ரவரியில் லண்டனின் நிலவறைகளிலும் பரண் அறைகளிலும் நோயுற்றுக் கிடந்த ஏழைகளை நேரில் கண்டபின், சோம்பலால்தான் இவர்கள் ஏழைகளானார்கள் என்னும் வழக்கமான குற்றச்சாட்டு எவ்வளவு கொடிய பொய் என நாட்குறிப்பில் எழுதினார். நடக்க முடிந்தவர் எவரும் அங்கே வேலையின்றி இருக்கவில்லை. உணவுப்பொருள் பற்றாக்குறை குறித்து 1773இல் வெளியிட்ட சிறுநூலில், குப்பைமேட்டில் நாறிக் கிடந்த மீன்களைப் பொறுக்கிச் சென்றவரையும், தெருநாய்கள் விட்டுச்சென்ற எலும்புகளைத் திரட்டிக் கஞ்சிக்குப் போட்டவரையும் குறிப்பிடுகிறார். அப்பால் அவர் பாவம் பற்றிப் பேசவில்லை. தானியக் கணக்குப் பேசினார். கோதுமையின் பெரும்பகுதி சாராயம் வடிக்கப் போகிறது. ஓட்ஸ் வண்டிக் குதிரைகளுக்குப் போகிறது. சிறு பண்ணைகளைப் பெரும் பண்ணையாளர் விழுங்கிவிட்டனர். வரியும் நாட்டின் கடனும் விலையை ஏற்றுகின்றன. சாராய வடிப்பைத் தடைசெய்க, குதிரைகளுக்கு வரி விதிக்க, பண்ணைகளின் அளவைக் குறைக்க என்பன அவர் முன்வைத்த தீர்வுகள். அவர் கூறிய பொருளியல் முழுவதும் சரியா என்பது வேறு செய்தி. பசித்தவனிடம் போய்ப் 'போதும் என்றிரு' என்னாமல், விலை ஏன் ஏறியது என்று ஆராயப் புகுந்தமையே கருதத்தக்கது.

ஐந்து பவுன் கடன்

1746இல் வெஸ்லி ஒரு கடன்நிதி தொடங்கினார். ஒருவருக்கு ஒரு வேளையில் இருபது ஷில்லிங் வரை தரப்படும்; வாரந்தோறும் செலுத்தி மூன்று மாதத்தில் தீர்த்துவிட வேண்டும். முப்பது பவுனும் சில ஷில்லிங்குகளுமாகத் தொடங்கிய அந்நிதியினால் ஒன்றரை ஆண்டில் 255 பேர் உதவி பெற்றதை 1748 ஜனவரியில் குறித்துள்ளார். அதே பணம் சுழன்று சுழன்று இத்தனை கைகளுக்குப் போயிற்று. பின்னாளில் கடனின் அளவு உயர்ந்தது. அந்நிதியில் ஐந்து பவுன் கடன் பெற்றவர்களுள் ஜேம்ஸ் லாக்கிங்டன் என்னும் செருப்புத் தைக்கும் இளைஞரும் ஒருவர்.

புத்தகத்தோடு உறவுடைய எவரும் அறிந்திருக்க வேண்டிய வரலாறு அவருடையது. மிகுந்த வறுமையில் பிறந்து, தொழில் பழகும் நாளில் மெதடிஸ்ட் குடும்பத்தாரிடையே எழுத்தறிவு பெற்றவர். மணமான புதிதில், கிறிஸ்துமஸ் உணவுக்கென வைத்திருந்த கடைசிக் காசுடன் கடைக்குப் போனவர், இறைச்சிக்குப் பதில் எட்வர்ட் யங் எழுதிய 'இரவுச் சிந்தனைகள்' என்னும் கவிதை நூலை வாங்கிக்கொண்டு திரும்பினார். விருந்து மறுநாளே தீர்ந்துவிடும், இந்நூலோ ஆயுள் முழுதும் விருந்தாகும் என மனைவிக்குச் சமாதானம் கூறினாராம். 1774இல் லண்டனில் செருப்புடன் பழம்புத்தகமும் விற்கும் சிறு கடை வைத்தார். அடுத்த ஆண்டு கிடைத்த ஐந்து பவுன் கடனால் நூல்கள் பெருகின. சிறிது காலத்தில் செருப்புத் தொழிலையே விட்டார். விற்காது தேங்கிய நூல்களை மொத்தமாக வாங்கி, விலை குறையாதிருக்கப் பெரும்பகுதியை அழித்துவிடுவது அன்றைய புத்தக வணிகர் வழக்கம். லாக்கிங்டன் அழிக்கவில்லை, அனைத்தையும் மலிவு விலையில் விற்றார். கடனுக்கு விற்பதில்லை என்பது அவருடைய மற்றொரு விதி. பின்னர் பின்ஸ்பரி சதுக்கத்தில் 'கலைமகளிர் ஆலயம்' என்னும் பெயரால் அவர் அமைத்த கடை, நாட்டின் பெரும் புத்தகக் கடைகளுள் ஒன்றாயிற்று. சொந்தக் குதிரைவண்டியும் வந்தது. சிறிய இலாபங்களே பெரிய செயல்களை ஆற்றும் என்னும் கருத்துள்ள வாசகம் அவ்வண்டியை அழகுசெய்தது.

1791இல் வெளியான தம் வாழ்க்கைக் குறிப்பில் லாக்கிங்டன் மெதடிஸ்டுகளை வாய்விட்டு எள்ளி நகையாடினார். வெஸ்லி மறைந்ததும் அதே ஆண்டுதான். ஈட்டுதல், சேமித்தல் ஆகிய இரு விதிகளையும் மெதடிஸ்டு ஒருவர் கற்றுத் தேறி, மூன்றாவதை வாசலில் விட்டுச் சென்றதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பதரிது. ஆயினும் கதை அங்கே முடியவில்லை. 1804இல் மற்றொரு நூல் எழுதித் தம் ஏளனத்துக்கு வருந்தினார். தம் செலவில் மெதடிஸ்ட் வழிபாட்டுக் கூடங்களும் கட்டினார்.

முதுமையின் கவலை

வெஸ்லியே செல்வரானார் என்பதுதான் வியப்பு. ஏழைகள் வாங்கும்படி ஒரு பென்னி விலையில் அவர் எழுதி வெளியிட்ட சிறுநூல்கள் எதிர்பாராத அளவு விற்றன. தாம் அறியாமலே செல்வராகிவிட்டதாக 1781இல் வெளிவந்த சொற்பொழிவில் கூறி, வந்ததில் எதையும் சேர்த்து வைக்கவில்லை எனவும் சேர்த்துக்கொண்டார். அவருடைய கூட்டத்தாரோ சேர்த்து வைக்கத் தொடங்கியிருந்தனர். குடியை விட்டவன் வீட்டில் காசு மிஞ்சுகிறது. நேரந்தவறாது உழைப்பவனை முதலாளி நம்புகிறான். இருபது ஆண்டில் அவன் தானே முதலாளியாகிறான். 1786இல் எழுதிய கட்டுரையில் இதன் காரணகாரியத் தொடர்பைத் தயங்காது விளக்கினார் வெஸ்லி. மெய்ச்சமயம் உழைப்பையும் சிக்கனத்தையும் பிறப்பிக்கும். அவை செல்வத்தைப் பிறப்பிக்கும். செல்வம் செருக்கையும் உலகப்பற்றையும் வளர்க்கும். இறுதியில் சமயத்தின் வடிவம் நிற்க, உயிர் மறையும். அப்படியாயின் மக்களை உழைக்க வேண்டாம், சேமிக்க வேண்டாம் எனத் தடுப்பதா? அதுவும் இயலாது. ஈட்டிச் சேமிப்பவர்கள் கொடுக்கவும் வேண்டும் என்னும் ஒரே வழியைத்தான் மீண்டும் அவரால் சொல்ல முடிந்தது. மடங்களின் பழைய முடிச்சு தம் இயக்கத்திலும் விழுந்துவிட்டதை ஒரு நிறுவனரே தம் வாழ்நாளில் கண்டு எழுதியது அரிய நிகழ்ச்சி. கடைசி ஆண்டுகளில், 1788, 1790 ஆகியவற்றிலும், செல்வத்தின் ஆபத்தைப் பற்றியே திரும்பத் திரும்பப் பேசினார். கேட்டவர்கள் அவரை வணங்கினர், பெட்டியைத் திறக்கவில்லை.

1785 ஜனவரியில் எண்பத்தோராம் வயதில் அவர் செய்த செயல் நாட்குறிப்பில் உள்ளது. ஆண்டுதோறும் ஏழைகளுக்குக் கரியும் ரொட்டியும் வழங்குவது வழக்கம். அவ்வாண்டு உடையும் வேண்டும் எனக் கண்டு, ஐந்து நாள் லண்டன் தெருக்களில் நடந்து இருநூறு பவுன் இரந்து திரட்டினார். உருகும் பனி கணுக்கால் அளவு கிடந்தது; காலை முதல் மாலை வரை பாதங்கள் பனிநீரில் ஊறின.

1790 ஜூலையில், நடுங்கும் கையால் கணக்கேட்டில் கடைசிக் குறிப்பு எழுதினார். நெடுங்காலம் பிழையறக் கணக்கு வைத்ததாகவும், இனி அதைத் தொடரப் போவதில்லை எனவும், இயன்றதைச் சேமித்து இயன்றதைக் கொடுத்துவிட்ட நிறைவு தமக்கு உண்டு எனவும் அதில் கண்டுள்ளது. 1791 மார்ச் 2ஆம் நாள் மறைந்தார். தம் உடலைச் சுமந்து செல்லும் ஏழைகள் அறுவருக்கு ஆளுக்கு ஒரு பவுன் தரவேண்டும் என விருப்பமுறியில் எழுதியிருந்தார், அவ்வாறே நடந்தது.

மூன்றாம் விதியை அவருக்குப் பின் கைக்கொண்டோர் இல்லாமல் இல்லை. அவருடைய துணைவர் தாமஸ் கோக், இலங்கைக்குத் தொண்டர்களை அனுப்பச் சபை தயங்கியபோது, 1813இல், ஆறாயிரம் பவுன் வரை தம் பொருளிலிருந்து தருவதாக முன்வந்தார். 1814 மே மாதம் இந்துமாக்கடலில் கப்பலிலேயே அவர் உயிர் பிரிந்தது. உடன்வந்தோர் காலியில் இறங்கி, அவர்களுள் இருவர் யாழ்ப்பாணம் சென்றனர். அவர்கள் தொடங்கிய பணியின் தொடர்ச்சியாக வந்தவரே பீட்டர் பெர்சிவல். அவர் நடத்திய பள்ளியில் பயின்று, ஆசிரியராகவும் இருந்து, விவிலியத் தமிழாக்கத்தில் அவருக்குத் துணைநின்றவர் ஆறுமுக நாவலர். அது தனியே விரித்துரைக்க வேண்டிய வரலாறு.

ஏழு ஷில்லிங்

ஜெர்மானியச் சமூகவியலறிஞர் மாக்ஸ் வேபர், சீர்திருத்தத் திருச்சபை நெறிக்கும் முதலாளித்துவ மனப்பான்மைக்கும் உள்ள தொடர்பைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற ஆய்வில், வெஸ்லியின் 1786ஆம் ஆண்டுக் கட்டுரைப் பகுதியை எடுத்தாண்டார். கவிஞர் இராபர்ட் சதே 1820இல் எழுதிய வெஸ்லி வரலாற்றின் வழியாக அப்பகுதி அவருக்குக் கிடைத்தது. தம் கருத்து முழுவதற்கும் அதனை முகப்பு வாசகமாகவே வைக்கலாம் என்று வேபர் கருதினார். ஆங்கில வரலாற்றறிஞர் ஈ. பி. தாம்சன் 1963இல் வெளியிட்ட நூலில் இன்னும் கடுமையாக எழுதினார்: ஆலைச் சங்குக்கு அடங்கி உழைக்கும் பணிவை மெதடிஸ்ட் சமயமே தொழிலாளர் உள்ளத்தில் ஊட்டியது என்பது அவர் குற்றச்சாட்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் வெஸ்லியன் சபைத் தலைமையை நோக்கும்போது இதை எளிதில் மறுக்க இயலவில்லை. செல்வர் பெருகிய அச்சபை அரசியல் கிளர்ச்சிகளிலிருந்து விலகி நின்றது. பணிவையும் மனநிறைவையும் கீழ்நிலையில் இருந்தோர்க்கு ஓதியது. வெஸ்லி ஈட்டுபவனின் கையைக் கட்டுவதற்கு வைத்த 'போதும்' இடம் மாறிவிட்டது.

எனினும், அதே கூடங்களில் பேசப் பழகியவர்கள் அந்த இடமாற்றத்தை ஏற்காத நிகழ்ச்சியும் உண்டு. டார்செட் மாவட்டத்தின் டால்பட்டில் என்னும் சிற்றூரில் உழவுத் தொழிலாளர்களின் வாரக் கூலி ஒன்பது ஷில்லிங்கிலிருந்து எட்டாகவும் ஏழாகவும் குறைக்கப்பட்டது. ஆறாகக் குறையும் என்ற அச்சுறுத்தலும் வந்தது. வெஸ்லியின் இருபத்தெட்டுப் பவுன், மனைவி மக்களற்ற கல்லூரி அறிஞர் ஒருவர் சென்ற நூற்றாண்டு விலைவாசியில் தமக்குப் போதும் எனக் கொண்ட தொகை. வாரம் ஏழு ஷில்லிங் என்பது ஆண்டுக்குப் பதினெட்டுப் பவுன் நான்கு ஷில்லிங். அதைக் கொண்டு ஒரு குடும்பமே வாழவேண்டும். அவ்வூர் மெதடிஸ்ட் உபதேசியாரும் கூலி உழவருமான ஜார்ஜ் லவ்லெஸ் தோழர்களைத் திரட்டிச் சங்கம் அமைத்தார். 1834 மார்ச்சில், சட்டத்துக்குப் புறம்பாக உறுதிமொழி வாங்கியதாகக் குற்றஞ்சாட்டி, அறுவருக்கு ஏழாண்டு நாடுகடத்தல் தண்டனை விதிக்கப்பட்டது. அவர்களுள் பெரும்பாலோர் மெதடிஸ்டுகள். தீர்ப்புக்குப் பின் லவ்லெஸ் துண்டுத்தாளில் பாடல் வரிகள் சில எழுதிக் கூட்டத்தை நோக்கி வீசினார். நாடெங்கும் எழுந்த கிளர்ச்சியால் 1836இல் அவர்களுக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது. ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பிய லவ்லெஸ், பின்னர் கனடாவில் குடியேறி, அங்கே சொந்த நிலத்தில் உழுது வாழ்ந்தார். தாம் குடியேறிய பகுதியில் மெதடிஸ்ட் ஆலயம் ஒன்று எழும்பவும் துணைநின்றார்.